கட்டற்ற மென்பொருளைக் கைக்கொள்ளத் தடை என்ன?

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



நெல்லைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பூச்சி நோய்களைப் பற்றியும் பேசிவரும் இம்மேடையில் இன்று கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன்; வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவன். ஆயினும் இன்று உங்கள் பால் கணக்கு, கரும்பு வெட்டுக் கணக்கு, பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம், குழுவின் வரவு செலவு ஆகிய எல்லாமே கணிப்பொறிக்குள்ளும் செல்போனுக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டன. நெல் கொட்டி வைத்த குதிரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நீங்கள். கணக்குக் கொட்டி வைத்த பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகவே இந்தப் பேச்சு.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனை கூறிவந்த ஓர் உழவர் உற்பத்தியாளர் குழுவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். குழுவின் மூன்றாண்டுக் கணக்கும் ஒரு கணக்கு மென்பொருளில் ஏற்றப்பட்டிருந்தது. அது விலை கொடுத்து வாங்கியது அன்று. கணிப்பொறி விற்ற கடைக்காரர் "சும்மா போட்டுத் தருகிறேன்" என்று ஏற்றிக் கொடுத்த திருட்டு நகல். ஒரு நாள் கணிப்பொறியில் வைரஸ் புகுந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினார். கணக்குக் கோப்புகள் மட்டும் ஒரு பென் டிரைவில் தப்பிப் பிழைத்திருந்தன. ஆனால் புதிதாக ஏற்றிய நகலில் அவை திறக்கவில்லை. வேறு எந்த மென்பொருளாலும் அவற்றைப் படிக்கவும் முடியவில்லை. நிறுவனத்திடம் கேட்கலாம் என்றால், வாங்கியதற்கு ரசீது இல்லை. வங்கியோ மூன்றாண்டுக் கணக்கைக் காட்டினால்தான் கடன் புதுப்பிப்போம் என்றது. பழைய பில்களைக் கட்டுக் கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு கையால் கணக்கெழுதி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. விதைக்கும் அடியுரத்துக்கும் வரவேண்டிய பணம் பருவம் தவறி வந்தது. அந்தப் போகத்தில் உறுப்பினர்கள் பலர் வெளியில் வட்டிக்கு வாங்கி நடவு செய்தனர்.

இதைக் கண்ட நான் உடனே ஒரு முடிவுக்கு வந்தேன். "இனித் திருட்டு நகலும் வேண்டாம், பூட்டிய மென்பொருளும் வேண்டாம். எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிவிடுவோம்" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குழுவின் கணிப்பொறியை முழுவதுமாக லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். பழையபடி விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் திருட்டு நகல்தான். குழுச் செயலாளர் அம்மாள் தலை குனிந்தபடி சொன்னார்: "சார், நீங்க போட்டுக் கொடுத்தது நல்ல சாமானாவே இருக்கலாம். ஆனா அது நின்னு போச்சுன்னா நான் யாரைக் கூப்பிடறது?"

அவர் தலை குனிந்திருக்க வேண்டியதில்லை. குனிய வேண்டியவன் நான். மண்ணைப் பாராமல், தண்ணீரைப் பாராமல், "இந்த ரகத்தைப் போடுங்கள்" என்று சொன்னவனின் தவறு அது. அன்று முதல் இதில் உள்ள தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்த்தேன். அவற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன?

கணிப்பொறி இன்ன வேலையை இன்னபடி செய்ய வேண்டும் என்று எழுதிய கட்டளைத் தொகுப்பே மென்பொருள். கட்டளைகளை மனிதர் எழுதிய வடிவத்துக்கு மூல நிரல் என்று பெயர். பெரும்பாலான வணிக மென்பொருள்களில் மூல நிரல் நமக்குக் கொடுக்கப்படுவதில்லை. கட்டற்ற மென்பொருளில் நான்கு உரிமைகள் நமக்கு உண்டு.

1. எந்தப் பயனுக்கும் இயக்கலாம்.
2. மூல நிரலைப் பார்த்து, எப்படி இயங்குகிறது என்று அறியலாம், வேண்டியபடி திருத்தலாம்.
3. நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம்.
4. திருத்திய வடிவத்தையும் பிறருக்குக் கொடுக்கலாம்.

உழவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சொந்த வயலில் விளைந்த நெல்லில் விதைக்கு எடுத்து வைப்பதும், அடுத்த வீட்டுக்கு ஒரு மரக்கால் கொடுத்து அவர்களிடமிருந்து வேறொரு ரகம் வாங்குவதும் நம் வழக்கம். நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உழவருக்கு உள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. இவ்வுறவை அமெரிக்காவிலும் கண்டனர். அங்கு 2012-இல் தொடங்கப்பட்ட திறந்த மூல விதை முயற்சி என்னும் அமைப்பு, கட்டற்ற மென்பொருளின் முறையையே பின்பற்றி, யாரும் பூட்டுப் போடக்கூடாது என்னும் உறுதிமொழியுடன் விதை ரகங்களை வெளியிட்டு வருகிறது.

கட்டற்ற மென்பொருளுக்கான முயற்சியை 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். இன்று உலகின் பெரும்பாலான இணைய சேவைகளின் அடியில் ஓடுவது அதுதான். உங்கள் சட்டைப்பையில் இருப்பது ஆண்ட்ராய்டு செல்போன் என்றால், அதன் உள்ளேயும் லினக்ஸ் கருதான் ஓடுகிறது. ஆகவே இது ஆய்வகத்தை விட்டு வெளியே வராத சரக்கு என்று எண்ண வேண்டாம். அப்படியிருந்தும் வீட்டுக் கணிப்பொறிக்குள் இது தயங்கித் தயங்கியே வருகிறது. ஏன்?

தடைகள்

முதல் தடை, லாபம் கண்ணுக்குத் தெரியாமை. "இதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்" என்று நான் சொன்னபோது, "அதற்கும் நாங்கள் கொடுக்கவில்லையே" என்றார்கள். திருட்டு நகல் இருக்கும் இடத்தில் விலை மிச்சம் என்ற பேச்சு எடுபடாது. திருட்டு நகலின் விலை முதலில் தெரிவதில்லை. வைரஸாகவும், திறக்காத கோப்பாகவும் பின்னால் வருகிறது. மேலும் "இலவசம்" என்றாலே மட்டமான பொருள் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்தான். தமிழில் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. "இலவசம்" வேறு, "கட்டற்றது" வேறு. விலையில்லாமல் கொடுத்துவிட்டுப் பூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் மென்பொருள்களும் பல உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாம் தடை, வாங்கும்போதே வருவது. கடையில் கணிப்பொறி வாங்கினால் பெரும்பாலும் விண்டோஸுடன்தான் வருகிறது. கூட வந்ததை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. வரப்போரம் தானாக முளைத்த மரத்தை யாரும் வெட்டுவதில்லை, அதுபோல.

மூன்றாம் தடை, பழைய தமிழ் எழுத்துரு. இது நமக்கே உரிய தடை. யூனிகோடு முறை பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தமக்கெனத் தனித்தனிக் குறியீட்டு முறைகளை வைத்திருந்தன. அப்படித் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். குழுவின் தீர்மானப் புத்தகம் முழுவதும் அப்படித்தான் தட்டப்பட்டிருந்தது. லினக்ஸில் திறந்ததும் "கணிப்பொறி தமிழைக் கெடுத்துவிட்டது" என்றார்கள். கெடுத்தது லினக்ஸ் அன்று. கோப்பு முதலிலேயே அப்படித்தான் இருந்தது. ஆனால் பழி புதிதாக வந்தவன் மேல்தான் விழும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய கோப்புகள் இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் கிடக்கின்றன.

நான்காம் தடை, வெளி உலகத்தோடு ஒத்துப்போகாமை. தணிக்கையாளர் அனுப்பும் விரிதாள் சில வேளைகளில் கட்டம் மாறித் தெரிகிறது. பிரிண்டருக்கு வேண்டிய இணைப்பு நிரல் சில மாதிரிகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. நிறுவனமாகப் பதிவு செய்த குழுக்கள் படிவம் தாக்கல் செய்யப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்பக் கருவி எங்களுக்கு லினக்ஸில் ஒத்து வரவேயில்லை. மறைப்பதற்கில்லை, இவை உண்மையான குறைகள். அயல் வயலெல்லாம் ஒரே நாளில் தண்ணீர் கட்டும்போது நம் ஒரு வயலை மட்டும் காயப்போட முடியாது என்பது நீங்கள் அறிந்ததே.

ஐந்தாம் தடை, கூப்பிட ஆள் இல்லாமை. செயலாளர் அம்மாள் கேட்ட கேள்வி இதுதான். எல்லாத் தடைகளிலும் பெரியது இதுவே என்பது என் கருத்து. நம் ஊர்க் கடைத்தெருவில் கணிப்பொறி பழுது பார்ப்பவருக்கு விண்டோஸ் தெரியும்; லினக்ஸ் தெரிந்தவர் அரிது. உதிரிப் பாகமும் மெக்கானிக்கும் இல்லாத ஊரில் எவ்வளவு நல்ல பம்பு செட்டும் பயன்படாது.

ஆறாம் தடை, கூச்சம். நாற்பது ஐம்பது வயதில் கஷ்டப்பட்டுக் கற்ற ஒன்றை விட்டுவிட்டு மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. பட்டன் இடம் மாறியிருந்தால் "எனக்குத் தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லவும் கூசுவார்கள். பழையதற்கே போய்விடுவார்கள்.

ஆராய்ச்சி கூறுவது

இந்த ஆறும் கணிப்பொறிக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ரையன், கிராஸ் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த 259 உழவர்களில் இருவர் நீங்கலாக அனைவரும் 1928 முதல் 1941 வரையிலான காலத்துக்குள் ஒட்டு விதைக்கு மாறியிருந்தனர். விளைச்சல் கூடுதல் என்று தெரிந்தும் ஊர் மாறப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. பெரும்பாலோர் முதலில் நிலத்தின் ஒரு பகுதியில் போட்டுப் பார்த்த பிறகே முழு நிலத்துக்கும் போனார்கள். விதை விற்பவர் சொல்லிக் கேள்விப்பட்டாலும், பக்கத்து வயல்காரர் சொன்ன பிறகே பலர் துணிந்தார்கள்.

பின்னர் 1962-இல் எவரெட் ரோஜர்ஸ் என்பவர், ஒரு புதுமை பரவ வேண்டுமானால் அது பழையதைவிட மேலானதாக, நம் வழக்கத்தோடு பொருந்துவதாக, எளியதாக, சிறிய அளவில் சோதித்துப் பார்க்கக்கூடியதாக, பலன் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும் என்று எழுதினார். நம் ஆடுதுறை 27 நெல்லும் "ரேடியோ நெல்" என்று பெயர் வாங்கியது சும்மா இல்லை. திருச்சி வானொலியில் கேட்டார்கள். பக்கத்து வயலில் பார்த்தார்கள். பிறகு தாங்கள் போட்டார்கள். நான் செய்த ஞாயிற்றுக்கிழமை வேலையில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை என்பதை இப்போது உணர்கிறேன்.

பெரிய ஊர்களின் அனுபவம்

ஜெர்மனியின் முனிச் நகராட்சி 2003-இல் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்ற முடிவு செய்தது. 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் மாற்றப்பட்டன. ஆயினும் 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவது என்று நகரமன்றம் வாக்களித்தது. பத்தாண்டு உழைத்து மாற்றியதும் பழையபடி திரும்பக்கூடும் என்பதற்கு இது சான்று.

பிரான்சு நாட்டின் ஜாந்தர்மரி என்னும் காவல் படை வேறு வழியில் சென்றது. 2005-இல் கடிதம், கணக்கு எழுதும் மென்பொருளை மட்டும் கட்டற்றதாக மாற்றியது. அடுத்து இணைய உலவியையும் மின்னஞ்சலையும் மாற்றியது. காவலர்கள் கை அவற்றில் பழகிய பின்னரே, 2008 முதல் அடித்தளமான இயங்குதளத்தை லினக்ஸாக மாற்றத் தொடங்கியது. இப்படி 70,000-க்கு மேற்பட்ட கணிப்பொறிகள் மாறின. மேலே பயிர் மாறாமல் அடியில் மண் பக்குவப்பட்டதுபோல், காவலர்களுக்கு மாற்றமே பெரிதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கேரளத்தில் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியை லினக்ஸின் மீது அமைத்து, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். "யாரைக் கூப்பிடுவது?" என்ற கேள்விக்கு அங்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு விடை இருந்தது. வெற்றிக்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பதறாத காரியம் சிதறாது. எங்கள் குழுவில் இரண்டாம் முறை நாங்கள் செய்ததைப் படிப்படியாகக் கூறுகிறேன்.

1. முதலில் விண்டோஸை அப்படியே இருக்க விடுங்கள். அதன் மேலேயே லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை ஏற்றுங்கள். கடிதம் எழுதவும், கூட்டல் கழித்தல் கணக்குப் போடவும், தீர்மானம் தட்டவும் இது போதும். படம் பார்க்க வி.எல்.சி., இணையம் பார்க்க பயர்பாக்ஸ். இவை எல்லாமே கட்டற்றவை. அவற்றை வெளியிடும் அமைப்புகளின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும்.

2. ஒரே ஒரு கணக்கை மட்டும் இதில் எழுதிப் பாருங்கள். நாங்கள் தினசரிப் பால் கொள்முதலை எடுத்துக்கொண்டோம். ஒரு போகம் முழுவதும் நோட்டிலும் கணிப்பொறியிலும் இரண்டிலும் எழுதினோம். இதுவே உங்கள் செயல்விளக்கத் திடல்.

3. கோப்புகளைத் திறந்த ஆவண வடிவத்தில் சேமியுங்கள். இது 2006-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம். எந்த நிறுவனம் மூடப்பட்டாலும் இக்கோப்பை வேறொரு மென்பொருளால் படிக்க முடியும். தணிக்கையாளருக்கு அனுப்பும்போது மட்டும் அவர் கேட்கும் வடிவத்தில் ஒரு நகல் எடுத்து அனுப்பலாம்.

4. இனித் தட்டுவதை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றே என்பதால் கை பழகியது வீணாகாது. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி கொண்டு சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளலாம். அவசரமில்லை.

5. மாதம் ஒரு முறை எல்லாக் கணக்கையும் பென் டிரைவில் நகல் எடுத்து, கணிப்பொறி இல்லாத வேறு வீட்டில் வையுங்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் இது கட்டாயம். விலைக்கு வாங்கிய கணக்கு மென்பொருளே வைத்திருப்பவர்களும், கணக்கைப் பொது வடிவ விரிதாளாக வெளியே எடுக்க அதில் வசதி உண்டா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

6. ஊரில் படித்த பிள்ளைகள் இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் போதாது, ஒருவர் வேலைக்கு வெளியூர் போய்விட்டால் மறுபடி அதே கேள்வி வரும். அவர்களுக்கு லினக்ஸைப் பழக்குங்கள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். கணிப்பொறியில் உள்ளது அழியாது.

7. கடைசியாகவே இயங்குதளத்துக்கு வாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அத்தகைய கணிப்பொறியைப் பழைய இரும்புக்குப் போடும் முன், எளிய லினக்ஸ் வகை ஒன்றை ஏற்றிப் பார்க்கலாம். ஏற்றும் முன் நகல் எடுத்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் இன்றும் இரண்டு கணிப்பொறிகள் உள்ளன. ஒன்றில் லினக்ஸ், அன்றாடக் கணக்கெல்லாம் அதில்தான். மற்றொன்றில் விண்டோஸ்; விலை கொடுத்து வாங்கியது. படிவம் தாக்கல் செய்ய அது வேண்டியிருக்கிறது. அதுபோல் பணம் அனுப்பும் செல்போன் செயலிகள் பெரும்பாலும் பூட்டிய மென்பொருள்களே. அவற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் விலைக்கு வாங்குகிறீர்கள். விளைச்சலைக் கணக்கிட்டு, தெரிந்தே வாங்குகிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் வீட்டில் ஒரு மூட்டை சொந்த விதையும் இருக்கட்டும் என்பதே நான் சொல்வது.

போன ஆண்டு வங்கியிலிருந்து மறுபடி மூன்றாண்டுக் கணக்குக் கேட்டார்கள். செயலாளர் அம்மாள் அன்று பிற்பகலே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குத் தொலைபேசியில்கூடச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோதுதான் தெரிந்தது. "நின்று போனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டீர்களே, இப்போது யாரைக் கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "பக்கத்துத் தெருப் பொண்ணுதான் சார். அவளுக்கே தெரியலைன்னா அவ யாரையோ கேட்டுச் சொல்றா" என்றார்.

உழவர் பெருமக்களே! உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள். இந்தப் போகத்தில் ஒரே ஒரு கணக்கை மட்டும் கட்டற்ற மென்பொருளில் எழுதித் தொடங்குங்கள். பலன் கண்டால் பக்கத்து வயல்காரருக்கும் ஒரு நகல் கொடுங்கள். கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.